ஒரே ஊரில் ஐந்து சபைகள்: எங்கே தொடங்குவது?

வாசகர் கேள்வி: ஏற்காடு மலையில் காபித் தோட்டங்களை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. கத்தோலிக்கச் சிற்றாலயம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம், லுத்தரன் ஆலயம், இரண்டு பெந்தெகொஸ்தே சபைகள் இருக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பங்கள் மொத்தமே நூற்றைம்பதுக்குள்தான். போன டிசம்பரில் ஐக்கிய கிறிஸ்துமஸ் விழா வைத்தோம். ஃபிளெக்ஸில் யார் படம் பெரிது என்று முதலில் சண்டை. பிறகு மேடையில் ஒருவர், சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஞானஸ்நானமே அல்ல என்று பிரசங்கித்துவிட்டார். விழா பாதியில் கலைந்தது. பிப்ரவரியில், சபை மாறிப்போயிருந்த ஒரு பெரியவர் இறந்தபோது பழைய சபையார் கல்லறையில் இடம் தர மறுத்தார்கள். பெட்டி சாயங்காலம்வரை வீட்டு வாசலிலேயே இருந்தது. நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். மறுபடி எல்லோரையும் சேர்க்க எங்கே தொடங்குவது? எல்லோரும் ஒன்றாகத் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் நற்கருணை) எடுக்கும் நாள் வருமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கல்லறையிலிருந்து தொடங்குங்கள். ஐக்கிய விழா இந்த ஆண்டு வேண்டாம். மேடையில் கைகோத்து நின்ற சபைகள் இரண்டே மாதத்தில் ஒரு சாவு வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஐக்கியம் என்று இனி யார் பேச வந்தாலும் ஊர் நம்பாது. உங்கள் ஊரில் நடந்தது அதுதான். சபைகள் ஒன்றையொன்று காயப்படுத்துவது பெரும்பாலும் சாவு, ஞானஸ்நானம், கல்யாணம், ஆள் மாறிப்போவது என்ற நான்கு இடங்களில். இந்த நான்கிலும் எப்படி நடந்துகொள்வது என்று எழுத்தில் ஓர் உடன்பாடு வரட்டும். கூடி ஆராதிப்பது அதற்குப் பிறகு.

இது சுற்றுவழி என்று தோன்றினால், சிஎஸ்ஐ உருவான விதத்தை நினைத்துப் பாருங்கள். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். அவர்களில் வெளிநாட்டார் இருவர் மட்டுமே. பேச்சை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அங்கே எழுந்த அழைப்பு நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒன்றானபோது அசரியா உயிரோடு இல்லை. இத்தனை ஆண்டுகள் இழுத்த சிக்கல், யாருடைய குருத்துவம் செல்லும் என்பது. பழைய போதகர்கள் யாருக்கும் மறுபடி அபிஷேகம் (குருப்பட்டம்) இல்லை, இருந்தபடியே ஏற்றுக்கொள்வோம், இனி வரும் அபிஷேகங்கள் மட்டும் பேராயர் கையால் நடக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். கூடவே ஓர் உறுதிமொழியும் கொடுத்தார்கள்: எந்தச் சபையின்மீதும் அது மனச்சாட்சியில் ஏற்காத ஊழியத்தையோ வழிபாட்டு முறையையோ திணிக்கமாட்டோம். பயந்துகொண்டிருந்த சபைகளை உள்ளே கொண்டுவந்ததில் இந்த வாக்குறுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியும் ஆந்திராவின் நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கன் சபைகள் பல அப்போது சேரவில்லை. சேலத்தில் 1827இல் லண்டன் மிஷன் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்த சபைகளும், வெள்ளைக்கார அதிகாரிகள் தொழுத ஆங்கிலிக்கன் ஆலயமும் ஒரு காலத்தில் வேறு வேறு உலகங்கள். இன்று இரண்டும் ஒரே திருமண்டலத்துக்குள் இருப்பதற்கு அந்த 28 ஆண்டுப் பொறுமைதான் காரணம்.

இனி கல்லறை. பேச உட்காரும் முன்பே கல்லறை நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) சர்வே எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். மலையில் மூன்று விதமாகவும் இருக்கலாம்: சபையின் பெயரில் பட்டா, எஸ்டேட் நிர்வாகம் எந்தக் காலத்திலோ வாய்மொழியாக விட்ட இடம், அல்லது அரசுப் புறம்போக்கில் உள்ள பொது மயானம். பொது மயானம் என்றால் எந்தச் சபைக்கும் மறுக்கும் அதிகாரம் கிடையாது. சண்டை அங்கேயே முடிந்தது. எஸ்டேட் விட்ட இடம் என்றால் தோட்டம் கைமாறும் நாளில் ஐந்து சபைக்கும் சேர்த்தே ஆபத்து. இப்போதே ஐவரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, அந்த இடத்தைக் கல்லறையாகப் பதிவு செய்யும்படி வட்டாட்சியரிடம் கொடுங்கள். கூடிச் செய்யும் முதல் வேலையாக அது இருந்தால் மிக நல்லது.

சபையின் பட்டா நிலம் என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். சிஎஸ்ஐ சொத்துகள் பொதுவாக சிஎஸ்ஐ டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். கத்தோலிக்கச் சொத்துகள் மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கும். உள்ளூர் பாஸ்டரேட் கமிட்டியோ பங்குப் பேரவையோ நில உரிமையைப் பற்றிக் கையெழுத்திட முடியாது. அதனால் உடன்பாட்டின் முதல் வரியிலேயே, "இது நில உரிமை பற்றியது அல்ல, அடக்கம் செய்யும் வசதி பற்றியது மட்டுமே" என்று எழுதுங்கள். ஒரு பிரதியை அந்தந்தப் பேராயர், ஆயர் அலுவலகங்களுக்கு அனுப்பி, ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்குங்கள். இந்தக் கடிதம் இல்லாத உடன்பாடு அடுத்த போதகர் மாறுதலாகி வந்ததும் செத்துவிடும். கமிட்டித் தேர்தலில் எதிர் அணி ஜெயித்தாலும் அதே கதிதான்.

உள்ளே என்ன எழுதுவது? ஊரில் வாழ்ந்த, ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் இடம் உண்டு. சந்தா பாக்கி, சபை மாறியது, கமிட்டித் தகராறு எதுவும் மறுக்கக் காரணமாகாது. பாக்கி இருந்தால் முப்பது நாள் கழித்துக் குடும்பத்தாரோடு பேசலாம், பெட்டி வாசலில் இருக்கும்போது பேசக்கூடாது. குழிவெட்டும் கூலி எல்லோருக்கும் ஒரே தொகை, வேற்றுச் சபையார் என்பதற்காகக் கூடுதல் இல்லை. சேதி போன இரண்டு மணி நேரத்துக்குள் பதில் வேண்டும். அதற்காகச் சபைக்கு இரண்டு பேரின் கைபேசி எண் உடன்பாட்டிலேயே இருக்கட்டும், ஒருவர் சேலத்துக்கு இறங்கியிருந்தால் இன்னொருவர் பதில் சொல்வார். மலையில் பாறை தட்டினால் குழி வெட்ட அரை நாள்கூட ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெட்டிய குழி நிரம்பிவிடும். கடப்பாரை, மண்வெட்டி, பெரிய தார்ப்பாய் ஒன்று, கயிறு ஆகியவற்றை ஐந்து சபையும் சமமாகப் பணம் போட்டு வாங்கிப் பொதுவில் வையுங்கள். சிமென்டு கட்டிய கல்லறைக்கு இடம் ஒதுக்குவதில்தான் பின்னால் பூசல் வரும். இடம் குறைவென்றால் புதிதாகக் கட்டுமானம் இல்லை, மண் மேடும் சிலுவையும் மட்டும் என்று எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள்.

அடக்க ஆராதனையை இறந்தவரின் சபைப் போதகர் நடத்துவார், இடம் தந்த சபையின் போதகர் கல்லறை வாசலில் ஒரு வேத பகுதி வாசித்து ஜெபித்து வரவேற்பார் என்று பிரித்துக்கொள்ளலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் (எண் 1183), தம் சொந்தப் போதகர் கிடைக்காத பிற சபைக் கிறிஸ்தவருக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்த இடம் தருகிறது. கல்லறையில் செய்தி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். "பழைய சபையில் இருந்தவரை இவருக்கு இரட்சிப்பில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும், துக்கத்துக்கு வந்த உறவினரில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அப்படிப் பேசுவதில்லை என்பதையும் எழுத்தில் வையுங்கள்.

பிப்ரவரியில் இடம் மறுத்த சபையின் போதகரும் கமிட்டியில் இருவரும் அந்தப் பெரியவரின் வீட்டுக்கு நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும். உடன்பாட்டுக்கு முன்பே, தனியாக, படம் எடுக்காமல். இதைச் செய்யாமல் எழுதும் எந்தத் தாளையும் அந்தக் குடும்பமும் அவர்கள் போய்ச் சேர்ந்த சபையும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது ஞானஸ்நானம். இதைத் தீர்க்க முயலாதீர்கள், உங்கள் ஊரில் தீராது. கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, லுத்தரன் மூவரும் குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். தண்ணீரும் திரித்துவ நாமமும் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி) இருந்தால் கத்தோலிக்கத் திருச்சபை மற்ற சபைகளின் ஞானஸ்நானத்தை ஏற்கிறது. பலமான சந்தேகம் இருந்தாலன்றி மறுபடி கொடுக்கக்கூடாது என்பது அதன் சட்டம் (எண் 869). பெந்தெகொஸ்தே சகோதரர்களுக்கோ, விசுவாசித்த பிறகு முழுகி எடுப்பதுதான் ஞானஸ்நானம். அவர்கள் கணக்கில் அது இரண்டாம் முறை அல்ல, முதல் முறை. அவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், வேதத்தை அப்படி வாசித்து மனச்சாட்சியோடு நம்புகிறார்கள். 1982இல் உலகத் திருச்சபை மன்றத்தின் விசுவாசம், ஒழுங்கு ஆணையம் பெரு நாட்டின் லிமாவில் ஏற்றுக்கொண்ட ஆவணம் ஞானஸ்நானம் திரும்பக் கொடுக்கப்படக் கூடாதது என்று சொன்னது. குழந்தை ஞானஸ்நானம் கொடுப்போரும் விசுவாசிகளுக்கு மட்டும் கொடுப்போரும் ஒருவர் முறையை மற்றவர் மதிக்க வழி தேடும்படியும் கேட்டது. பெந்தெகொஸ்தே சபைகளில் பல அந்த மன்றத்திலேயே இல்லை. ஆகவே அதைக் காட்டி அவர்களை வாதத்தில் மடக்க நினைப்பது வீண்.

ஆனால் நடத்தையில் ஒப்பந்தம் முடியும். கூட்டு மேடையிலும் ஒலிபெருக்கியிலும் இன்னொரு சபையின் ஞானஸ்நானத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தங்கள் சபைக்குள் போதிப்பது அவரவர் உரிமை. வேறு சபையைச் சேர்ந்தவர் முழுக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தால், பாஸ்டர் மூன்று மாதம் காத்திருக்கச் சொல்லி, அவரே தம் பழைய போதகரிடம் நேரில் தெரிவிக்கும்படி சொல்வார். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம். திரித்துவ நாமத்தில் கொடுக்கும் எல்லாச் சபைகளும் சான்றிதழில் தேதி, இடம், கொடுத்தவர் பெயரோடு, "தண்ணீரினால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில்" என்று எழுத வேண்டும். சில பெந்தெகொஸ்தே சபைகள் இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கின்றன, அவற்றின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காது. கல்யாணப் பேச்சு வரும்போது சான்றிதழில் இந்த வரி இல்லாமல் பல குடும்பங்கள் அலைகின்றன.

ஆள் மாறிப்போவதில் ஒரே விதி போதும்: இன்னொரு சபை அங்கத்தினர் தொடர்ந்து மூன்று மாதம் வந்தால், போதகர் பழைய போதகருக்கு ஃபோன் செய்து சொல்லிவிட வேண்டும். "ஆடு திருடுகிறார்கள்" என்ற பேச்சு பெரும்பாலும் ஆள் போனதைவிட, சொல்லாமல் போனதால் வருவது. பழைய சபையும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நோயில் கிடந்தபோது வீட்டுக்கு வந்து ஜெபித்தவர் யார் என்று பாருங்கள். பல குடும்பங்கள் உபதேசத்துக்காக மாறவில்லை, யாரும் எட்டிப் பார்க்காததால் மாறின.

கல்யாணத்துக்கு வருவோம். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, நடத்தி வைப்பவர் அதற்கு அதிகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். சுயாதீனச் சபைப் பாஸ்டர் என்றால் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இரு வீட்டாரையும் திருப்திப்படுத்தக் காலையில் ஓர் ஆலயத்திலும் மாலையில் இன்னொன்றிலும் தாலி கட்டும் வழக்கம் அடியோடு நிற்கட்டும். இரண்டாம் முறை சம்மதம் கேட்பதையும், இரு போதகர்கள் சேர்ந்து நின்று கேட்பதையும் கத்தோலிக்கச் சட்டம் தடை செய்கிறது (எண் 1127). ஒருவர் நடத்த, மற்றவர் வேதம் வாசித்து, சிறு செய்தி சொல்லி, ஆசீர்வதிக்கலாம். கத்தோலிக்கத் தரப்பு வேறு சபை ஆலயத்தில் மணம் முடிக்க ஆயரின் விதிவிலக்கு வாங்க வேண்டும். அழைப்பிதழ் அச்சிட்ட பிறகு அதற்கு ஓடாதீர்கள். மூன்று மாதம் முன்பே பங்குத்தந்தையிடம் போகச் சொல்லுங்கள்.

இத்தனையும் எழுதிக் கையெழுத்தான பின் கூடி ஜெபிப்பதற்கு உங்கள் கையிலேயே நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதித் தருகிறார்கள். உபதேசச் சண்டைக்கு அதில் இடம் குறைவு, மேடைப் போட்டியும் குறைவு. ஆனால் அந்த நாள் பெரும்பாலும் தவக்காலத்தில் விழும். கத்தோலிக்கருக்கு அன்று சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது), முதல் வெள்ளித் திருப்பலி, மாலையில் சிலுவைப்பாதை எல்லாம் இருக்கும். கோழிக் குழம்பு வைத்துவிட்டால் அவர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் பகலில் வர முடியாது. எனவே அடுத்து வரும் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், சாம்பார் சாதமோ வெண்பொங்கலோ போதும்.

எழுபத்தைந்து நிமிடம், மூன்று வேத வாசிப்பு, ஒரே செய்தி, பேசுபவர் ஒரு பெண். பாட்டு எல்லோருக்கும் மனப்பாடமான பழைய கீர்த்தனைகளில் மூன்று. மேடையில் சிலுவையும் திறந்த வேதமும் மட்டும் இருக்கட்டும். சுரூபம் (புனிதர் சிலை) வைத்தால் ஒரு பக்கம் சங்கடம், வைத்திருந்ததை எடுக்கச் சொன்னால் மறுபக்கம் வேதனை. அதனால் ஆலயங்களைத் தவிர்த்துப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வையுங்கள். கர்த்தருடைய ஜெபத்தை எந்த மொழிபெயர்ப்பில் சொல்வது என்று முன்பே முடிவு செய்து தாளில் அச்சிடுங்கள். வாசிப்புக்குக் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பையே எடுக்கலாம். ஃபிளெக்ஸில் எவர் படமும் வேண்டாம், சபைப் பெயர்கள் அகர வரிசையில். செலவைச் சபைக்குச் சமமாகப் பிரியுங்கள். பெரிய சபை முழுத் தொகையும் தருகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். யார் பணமோ அவர்கள் விழாவாகிவிடும். கட்சிக்காரர் யாரையும் மேடைக்கு அழைக்காதீர்கள்.

பந்தியில் ஒன்றைக் கண் திறந்து கவனியுங்கள். சபைப் பிரிவு என்ற பெயரில் பல ஊர்களில் உள்ளே இருப்பது சாதிப் பிரிவு. யார் சமைத்தார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது எந்த உபதேச அறிக்கையையும்விட உண்மையைச் சொல்லும். 2013ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ ஒற்றுமை ஜெப வாரத்துக்கான பொருளை உலகம் முழுவதற்கும் தயாரித்தவர்கள் இந்தியக் கிறிஸ்தவ மாணவர்கள். மீகா 6:6-8ஐ எடுத்து, தலித் மக்களுக்கு நீதி கிடைக்காத இடத்தில் ஒற்றுமை ஏது என்றே கேட்டார்கள். சமையல் குழுவில் ஐந்து சபைப் பெண்களும், எல்லாத் தெருப் பெண்களும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் மற்ற எதிலும் பயனில்லை. யாருடைய சாதிச் சான்றிதழில் என்ன மதம் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள், பெயர்ப்பட்டியலையோ படங்களையோ வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இட ஒதுக்கீட்டுச் சட்டம் காரணமாகச் சிலருக்கு அது பிழைப்பையே பாதிக்கும்.

திருவிருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து சபையும் ஒன்றாக எடுக்க இப்போது வழியில்லை. சிஎஸ்ஐயிலும் லுத்தரன் சபைகளிலும் ஒருவரையொருவர் வரவேற்க இடமுண்டு, உங்கள் இரு போதகர்களும் மேலிடத்தில் கேட்டுச் செய்யலாம். மதுரை அரசரடியில் 1969 முதல் இரு தரப்புப் போதகர்களில் பலர் ஒரே இறையியல் கல்லூரியில் சேர்ந்து படிக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை மரண ஆபத்து போன்ற நெருக்கடி தவிர மற்றவருக்கு நற்கருணை தருவதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவருக்கு மட்டும். இந்த வலியை மறைக்க வேண்டாம், ஆனால் கூட்டு ஆராதனையில் திருவிருந்தை வைத்துப் பாதிப் பேரை வேடிக்கை பார்க்க வைக்கவும் வேண்டாம். சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து வையுங்கள். நாள் வருமா என்றால், லூத்தர் காலத்திலிருந்து சபையைப் பிளந்த நீதிமானாக்கப்படுதல் (மனிதர் கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவது) பற்றிக் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 2006இல் மெதடிஸ்டுகளும் அதை ஏற்றார்கள். நகராது என்று நினைத்தது நகர்ந்திருக்கிறது.

முதல் கூட்டத்துக்குச் சபைக்கு இருவர்: போதகர் ஒருவர், பெண் ஒருவர். தலைமை மூன்று மாதத்துக்கு ஒரு சபையாக மாறட்டும். பொதுவில் வங்கிக் கணக்கு இப்போதைக்கு வேண்டாம். பெந்தெகொஸ்தே சபைகளில் ஒன்று வர மறுக்கலாம். கடைசிக் காலத்தில் உலகச் சபைகளை ஒன்றாக்கும் சதி வரும் என்ற பயம் அவர்களில் பலருக்கு உண்மையாகவே உண்டு. அதனால் அழைப்பில், "எந்தச் சபையும் தன் உபதேசத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, யாரும் யாரோடும் இணைக்கப்படுவதில்லை" என்று எழுதுங்கள். ஜெபத்துக்கு வராவிட்டாலும் கல்லறை உடன்பாட்டுக்கு மட்டுமாவது வரச் சொல்லுங்கள். அதற்கும் வரவில்லை என்றால், கையெழுத்தான தாளின் பிரதி ஒன்றை அந்தப் பாஸ்டரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கையெழுத்திடாத சபையின் வீட்டுச் சாவுக்கும் இதே விதிகள் பொருந்தும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.